ஐஸ் ஆக்குற மாப்பிள்ளை

எல்லாம் "ஆக்கி" என்கிற ஒரே ஒரு சொல்லால் வந்த வினை. எழுபத்திரண்டாம் வருஷம், சித்திரபுரத்துக்கு மேலே மேல்பாறை எஸ்டேட்டில் பூமாரியைப் பெண் கேட்டு ஆள் வந்தது. தரகு பேச வந்த சின்னமுத்து வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே ஆரம்பித்தான்.

"மாப்ள பேரு செல்லத்துரை. பட்டாளத்துல இருக்காரு. லடாக்குப் பக்கம். ஐஸ் ஆக்கி. அதுல பார்வர்டு."

விடிந்தால் சோறு ஆக்கி, குழம்பு ஆக்கி என்றே பேசுகிற வீட்டில் போய் ஐஸ் ஆக்கி என்றால் என்னதான் விளங்கும்? பூமாரியின் அம்மா வேலுத்தாய்க்கு விளங்கியது இதுதான்.

"ஐஸ் ஆக்கி என்ன செய்யிறாரு? விக்கிறாரா?"

சின்னமுத்துவுக்கும் அதற்கு மேல் ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் தரகனுக்கு மரியாதை ஏது? "பட்டாளத்துக்கே ஆக்கிப் போடுறாருன்னா பாத்துக்கிடுங்களேன்!" என்று அடித்து விட்டான், படுபாவி.

பூமாரியின் அப்பா வீரபாண்டி அப்படி லேசில் தலையாட்டுகிற ஆள் இல்லை. டீ பேக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோல் ரூமுக்கு அவர்தான் மேஸ்திரி. வயசுக் காலத்தில் எஸ்டேட் பந்து டீமில் ஃபுல்பேக்காக நின்றவர். அவரைத் தாண்டிப் பந்து போனால் ஆள் போகாது, ஆள் போனால் பந்து போகாது என்று அவரே சொல்லிக்கொள்வார். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையிடம் நேராகவே கேட்டார்.

"லடாக்குல ஐஸ் தானால்ல கெடக்கும்? நெசமாவே நீங்க அதை ஆக்குறீங்களா மாப்ள?"

செல்லத்துரைக்குப் பொய் வராது. பேச்சும் அவ்வளவாக வராது. "ஆமா மாமா. சாயங்காலம் மைதானத்துல வாளி வாளியாத் தண்ணி ஊத்திருவோம். காலையில பாத்தா கண்ணாடி கணக்கா ஐஸ் ஆயிருக்கும். அதுக்கு மேலதான் நாங்க..." என்று இழுத்தான். விளையாடுவோம் என்று முடித்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து பூமாரி காப்பித் தட்டோடு வந்து நின்றாள். அவளைப் பார்த்தவனுக்குத் தலைகால் புரியவில்லை, மிச்சப் பேச்சு தொண்டையோடு நின்றுவிட்டது. வீரபாண்டி திரும்பிப் பெண்டாட்டியிடம், "கேட்டேல்ல? தண்ணி ஊத்தி ஆக்குறாராம்" என்றார். அத்தோடு கதை முடிந்தது.

பூமாரிக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஆக்கத் தெரிந்த ஆம்பளை! கொழுந்து எடுத்துவிட்டு மழையில் நனைந்து வருகிறவளுக்கு அடுப்பை மூட்டி ஒரு கை பார்க்கிற புருஷன் கிடைத்தால் கசக்குமா? பின்னால் கல்யாணமாகிப் பார்த்தால் அவனுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியவில்லை. அது வேறு விஷயம்.

கல்யாணத்துக்கு அவனோடு பட்டாளத்தில் இருந்த வடகரப்பதிக்காரர் சென்னியப்பன் வந்திருந்தார். அவராவது விளக்கியிருக்கலாம். அவர் என்னடாவென்றால், "ஏனுங்க மாமா, உங்க மாப்பிள்ளைய என்னன்னு நெனச்சீங்க? ஐஸ் ஆக்கியில இவரை அடிச்சுக்க ஆளே இல்லீங்க!" என்று பந்தியில் சத்தமாகச் சொல்லிவிட்டுப் பாயசத்தை உறிஞ்சினார். அன்றிலிருந்து எஸ்டேட் லயத்து வரிசை வீட்டு ஜனம் முழுக்கச் செல்லத்துரையை ஐஸ்காரர் என்றது. பூமாரி ஐஸ்காரர் பொண்டாட்டி ஆனாள்.

தனியாக இருக்கும்போது அவன் அவளுக்கு எல்லாம் சொன்னான். பட்டாளத்துக் கொல்லன் பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு அடித்துக் கொடுத்ததை, முதல் நாள் நின்றதைவிட விழுந்ததே அதிகம் என்பதை. வளைந்த ஹாக்கி மட்டையால் ஒரு ரப்பர் வில்லையைத் தள்ளிக்கொண்டு, மோத வருகிற ஆட்களுக்கு நடுவே புகுந்து போவானாம். பந்தே கிடையாதாம்! சின்ன வயசில் எஸ்டேட் மைதானத்துச் சேற்றில் பந்து ஆடிய கால்தானே, வழுக்கலுக்குப் பயப்படவில்லை. ஒரே பருவத்தில் பார்வர்டு ஆக்கிவிட்டார்கள். பனிக்காலம் வந்தால் அவனுக்குப் பரேடு கிடையாது, பாரா கிடையாது. ஆடுவதுதான் வேலை. மேல் அதிகாரிகள் தோள் உயரத்துக்குக் கம்பளி சுற்றிக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பார்களாம்.

"கோல் போடுறவனுக்குத்தான் எல்லாரும் கை தட்டுவாங்க புள்ள. ஆனா போட வாட்டமா எடுத்துக் குடுக்கான் பாரு, அவன்தான் பார்வர்டு" என்பான்.

பூமாரி தாடையில் கை வைத்துக் கேட்பாள். இரும்புத் தகட்டில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் பறப்பானாமா? "போதும் போதும், எனக்கே ஐஸ் வைக்கீங்களா?" என்று சிரிப்பாள். அவனும் சிரிப்பான். அவள் நம்பவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவள் சிரிப்பது அவனுக்குப் பிடித்திருந்தது.

முதல் அவதிக்கு, அதுதான் பட்டாள லீவுக்கு, ஊர் வந்தபோது அவளுக்கென்று ஒரு பொருள் கொண்டுவந்தான். பட்டுத்துணியில் சுற்றியிருந்தது. சேலையோ வளையலோ என்று பிரித்தால் உள்ளே கறுப்பாய், வட்டமாய், பூட்ஸ் குதியிலிருந்து அறுத்தெடுத்த ரப்பர் வில்லை. "நான் முதல் கோல் போட்டது இதுலதான்" என்றான், கண்ணெல்லாம் பளபளக்க. பூமாரி அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பட்டுத்துணியைப் பத்திரமாக எடுத்து வைத்தாள். மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு கால் குட்டையாக இருந்தது. ரப்பர் அதற்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

வருஷங்கள் ஓடின. ஒரு அவதிக்கு முன்பல் இல்லாமல் வந்தான், மட்டை பட்டதாம். இன்னொரு அவதிக்கு ஜெயித்த கோப்பை என்று ஒரு அலுமினியக் குவளையைக் கொண்டுவந்தான், அதில் வேலுத்தாய் காப்பி குடித்தாள். அவன் வருவதெல்லாம் வெயில் காலத்தில். பனிக்காலம்தானே அவனுக்கு ஆட்டம்! ஒரு பொங்கலுக்காவது அவன் வீட்டில் இருந்தானா? இல்லை. ஊரில் எல்லோரும் ஜோடியாகப் பானை வைக்க, பூமாரி பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அம்மாவோடு வைப்பாள். பானை பொங்கும்போது வடக்கே பார்த்துத்தான் குலவை போடுவாள்.

அப்புறம் ஒரு நாள் அவன் நிரந்தரமாக வந்தான். ஆட்டத்தில் மூன்று பேர் ஒன்றாக வந்து மோதியதில் இடது முழங்கால் பிசகிவிட்டது. பட்டாளத்து டாக்டர்கள் அமுக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கடைசியில் வீட்டுக்குப் போ என்றுவிட்டார்கள். விந்தி விந்தி லயத்து வாசலில் வந்து நின்றவனைப் பார்த்துப் பூமாரி அழுதாள். அழுகையில் பாதி சந்தோஷம். இதைச் சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், ஆனாலும் அதுதான் நிஜம். கால் போனாலும் ஆள் வந்துவிட்டானே!

வீரபாண்டி மருமகனை ரோல் ரூமிலேயே தரை கழுவச் சேர்த்துவிட்டார். கொழுந்து அரைபடும்போது பச்சைச் சாறு சிமெண்டுத் தரையெல்லாம் ஒழுகிப் பாசி மாதிரி பிடித்துக்கொள்ளும். சோப்புத் தண்ணியும் சோடாவும் ஊற்றி, காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு, நீளப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். வேலை கஷ்டமில்லை. கேலிதான் கஷ்டம்.

"என்ன ஐஸ்காரரே, அங்க ஐஸ் ஆக்குனீரு, இங்க நுரை ஆக்குறீரா?" என்பார்கள். மாமனாரும் லேசுப்பட்டவர் இல்லை. தண்ணீர் வாளியைத் தூக்கும்போதெல்லாம், "ஊத்துங்க மாப்ள ஊத்துங்க, இதாவது உறையுதான்னு பாப்போம்" என்பார். மனசில் ஒன்றுமில்லை அவருக்கு. மருமகன் பட்டாளத்தில் வாளி தூக்கினான் என்றே ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷன், அதே வாளியைக் கண்டால் சும்மா இருப்பாரா? முதலில் செல்லத்துரை விளக்கப் பார்த்தான். "மாமா, அது வெளையாட்டு" என்பான். "சரி சரி, எல்லாம் வெளையாட்டுக்குத்தான் சொல்றோம்" என்பார் அவர். அப்புறம் அவன் வாயைத் திறப்பதே இல்லை. பூமாரியிடம்கூடச் சிரிப்பதில்லை.

கடைசியில் உயிரை அறுத்தது பெற்ற மகள்தான். வருஷத்துக்கொரு தரம் வந்துபோன ஆளை அவளுக்கு என்ன தெரியும்? லயத்துப் பிள்ளைகள் சொல்வதையே அவளும் சொன்னாள். ஒரு சாயங்காலம், அவன் காது கேட்கவே, பூமாரியின் முந்தானையை இழுத்துக் கேட்டாள்: "எம்மா, ஐஸ் மாமா எப்ப ஊருக்குப் போவாரு?"

அன்று அவன் சாப்பிடவில்லை. மறுநாள் சொன்னான். "கோயமுத்தூர்ல ஒரு மில்லுல வாச்மேன் வேலை இருக்காம். சென்னியப்பன் சொல்லி வச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை மறையூர் வழியா பஸ்ஸப் புடிச்சிரலாம்னு பாக்கேன்."

"பொங்கலுக்கு நாலு நாளுதானங்க இருக்கு?"

"எனக்கு என்ன பொங்கலு. நீ புள்ளையப் பாத்துக்க. மாசத்துக்கு ஒருக்கா வாரேன்."

பூமாரிக்கு வேலையும் வீடும் எஸ்டேட்டில். அவள் கூடப் போக முடியாது. போகாதீங்க என்று கெஞ்சினாள், கோபித்தாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தாள். அவன் தகரப் பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டான். இத்தனை வருஷம் காத்துக் கிடந்து கையில் கிடைத்த புருஷன், கிடைத்த வேகத்தில் நழுவிப் போகிறான்.

சனிக்கிழமை வந்தது. பனி விழுந்து கொழுந்து கருகிப்போன மாசம், அதனால் மிஷின் எல்லாம் நிறுத்தி ரோல் ரூமை முழுசாகக் கழுவ விட்டிருந்தார்கள். மத்தியானம் பூமாரி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனாள். மற்றவர்கள் கை கழுவ வெளியே போயிருந்தார்கள். செல்லத்துரை மட்டும் உள்ளே. தரை பூரா சோப்பு நுரை. கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் நடக்கவில்லை. வலது காலால் ஒரு உந்து, அவ்வளவுதான். சாக்குக் கட்டிய இடது காலை மடக்காமல் நீட்டி வைத்துக்கொண்டு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு வந்தான். மிஷினுக்குப் பக்கத்தில் இடுப்பை ஒரு ஒடிப்பு ஒடித்தான், பிரஷ் ஒரு சுற்று சுற்றியது, ஆள் மறுபக்கம் போய்விட்டான். விந்தலைக் காணோம். முகத்தைப் பார்த்தால், எப்பா! கல்யாணம் ஆன நாளாய் அவள் பார்க்காத முகம். யாரோ ஒருவன் அவள் புருஷனுக்குள்ளே இத்தனை வருஷமாக இருந்திருக்கிறான், அவளுக்குத் தெரியவே தெரியாது.

'எல்லாம் நெசமாத்தான் சொல்லியிருக்காரு' என்று நினைத்தாள். 'நான்தான் கூறு கெட்டவ.'

தூக்குச்சட்டியை வாசல்படியில் வைத்துவிட்டு லயத்துக்கு ஓடினாள் பாருங்கள், ஒரே ஓட்டம்! வீட்டுக்குள் போய் அடுப்பைத் தூக்கினாள். வெந்நீர்ப் பானை சரிந்து தரையெல்லாம் கொட்டியது. குழந்தையோடு உட்கார்ந்திருந்த வேலுத்தாய், "ஏட்டி, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று கத்தினாள். பூமாரி ரப்பர் வில்லையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கொழுந்துக்கூடையை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினாள். என்னமோ ஏதோ என்று வேலுத்தாயும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

ரோல் ரூமில் எல்லோரும் சாப்பிட்டுத் திரும்பியிருந்தார்கள். தரகு இல்லாத நாளில் அங்கேயே தரை கழுவுகிற சின்னமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் காலில் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீரபாண்டி வாசலில் நின்று, "பாத்து, பாத்து, வழுக்கி விழுந்து தொலைக்காதீங்க" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். செல்லத்துரை மூலையில் பழையபடி விந்திக்கொண்டு வாளி தூக்கினான்.

பூமாரி யாரையும் கேட்கவில்லை. கொழுந்துக்கூடையை எதிர்ச் சுவரோரம் படுக்கப் போட்டாள். கூடையின் வாய் இந்தப் பக்கம் பார்த்தது. ரப்பர் வில்லையைத் தரையில் விட்டெறிந்தாள். அது நுரையைக் கிழித்துக்கொண்டு போய் அவன் காலடியில் நின்றது.

"நாளைக்குத்தான் போகப் போறீங்கல்ல? போங்க. நான் தடுக்கல. போறதுக்கு முந்தி ஒரே ஒருக்கா ஆடிக் காட்டிட்டுப் போங்க. ஏழு வருசமா நான் நம்பல. இப்ப நம்புதேன். இவங்களும் பாக்கட்டும்."

அவன் வில்லையைப் பார்த்தான். "இது எங்க இருந்துச்சு?"

"அடுப்புக்கு அடியில."

ஐயோ, இதைப் போய் இப்படியா சொல்வது! சின்னமுத்து வாய்விட்டுச் சிரித்தான். ஆனால் செல்லத்துரை கோபிக்கவில்லை. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான். பிரஷைத் திருப்பிப் பிடித்தான்.

"புடுங்குங்க பாப்போம்" என்றான் சின்னமுத்துவிடம்.

"இம்புட்டுத்தானா?" என்று சின்னமுத்து இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவது எட்டு ஆகாயத்தில். மல்லாக்க விழுந்து, சறுக்கிக்கொண்டே போய் மிஷின் காலில் முட்டி நின்றான். மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வந்தார்கள். ஒருவனை வலது பக்கம் போவதாகப் பாவனை காட்டி இடது பக்கம் கடந்தான். இன்னொருவன் தானாகவே விழுந்து புண்ணியம் கட்டிக்கொண்டான். வில்லை பிரஷ் நுனியில் ஒட்டிக்கொண்ட மாதிரியே கூட வந்தது. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

வீரபாண்டிக்குப் பொறுக்கவில்லை. ஃபுல்பேக் ரத்தம் அல்லவா? தலைப்பாகையை அவிழ்த்து எறிந்துவிட்டு, சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். கூடைக்கு முன்னால் போய்க் காலை அகட்டி நின்றார். "பொடிப்பயலுகளத் தாண்டிட்டா ஆச்சா? என்னத் தாண்டிக் கொண்டு போங்க மாப்ள, பாப்போம்!"

"வேணாம் மாமா, விழுந்துருவீங்க."

"நானா? வாங்க, வந்து பாருங்க!"

செல்லத்துரை வந்தான். வந்த வேகத்தைப் பார்த்துப் பூமாரி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். முட்டிவிடுவான் என்று தோன்றிய நேரத்தில் தோளைச் சாய்த்து ஒரு நெளிவு நெளிந்தான். வீரபாண்டி அவனைப் பிடிக்கக் கையை வீசினார், கையில் காற்றுத்தான் கிடைத்தது, கால் இரண்டும் முன்னால் போக தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். கூடை திறந்து கிடந்தது. செல்லத்துரைக்கும் கூடைக்கும் நடுவே ஈ காக்கை இல்லை. ஒரு தட்டு தட்டினால் கோல்.

அவன் தட்டவில்லை. அரைவட்டம் போட்டுத் திரும்பி, தரையில் உட்கார்ந்திருந்த மாமனாரின் காலுக்கு நேராக வில்லையை மெல்லத் தள்ளிவிட்டான்.

"மாமா, அடிங்க!"

வீரபாண்டி ஒரு நொடி முழித்தார். அப்புறம் உட்கார்ந்த வாக்கிலேயே விட்டார் ஒரு உதை. வில்லை சறுக்கிக்கொண்டு போய்க் கூடைக்குள் விழுந்தது.

"கோல்!" என்று மனுஷர் போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, நுரைக்கு நடுவில் உட்கார்ந்தபடி, "கோலு! கோலு!" என்று கத்தினார். இருபது வருஷம் ஃபுல்பேக்காக நின்றவர், அடுத்தவன் போடுகிற கோலைத் தடுத்தே காலம் கழித்தவர். தன் வாழ்நாளில் ஒரு கோல் போட்டதில்லை. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். சோப்பு பட்டுவிட்டது என்று அப்புறம் சொன்னார், யார் நம்பினார்கள்?

வாசல் கூட்டம் விசிலடித்தது. வேலுத்தாய் இடுப்பிலிருந்த குழந்தை இரண்டு கையையும் தட்டிக்கொண்டு, "இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்று துள்ளியது. செல்லத்துரை பிரஷில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே மகளைப் பார்த்துச் சிரித்தான். ஓட்டைப் பல் தெரிய, வாய் நிறைய.

பூமாரி நுரைக்குள் மெல்ல இறங்கி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சம்கூட இல்லை.

"நாளைக்கு எத்தன மணி பஸ்ஸுங்க?"

"எந்த பஸ்ஸு?" என்றான் அவன்.

"நீங்க ரெண்டு பேரும் ஊட்ல போயிப் பேசிக்கிடுங்க, முதல்ல என்னத் தூக்கி விடுங்க!" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினார்கள். வீரபாண்டி மருமகனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நுரையில் பளபளத்துக் கிடந்த தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மார்பை நிமிர்த்திக்கொண்டு, வாசலில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினார்.

"பாத்தியாடி வேலுத்தாயி! நான் அன்னைக்கே சொன்னேன்ல, மாப்ள தண்ணி ஊத்தி ஐஸ் ஆக்குறவருன்னு!"